கிராஃபீனில் வேலை செய்வது எது?

2020-இல் 'ஏசிஎஸ் நானோ' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் செக் குடியரசின் பிராக் நகரில் இயங்கும் மார்ட்டின் புமெரா குழுவினர். கிராஃபைட் ஆக்சைடோடு பறவை எச்சத்தைக் கலந்து, கடும் வெப்பத்தில் சூடாக்கி, எச்சம் கலந்த கிராஃபீனைத் தயாரித்தார்கள். அந்தக் கரும்பொடியை மின்முனையில் பூசிச் சோதித்ததில், எச்சம் சேராத கிராஃபீனைவிட அது மேலான வினையூக்கியாக இருந்தது.

இந்தச் சோதனை ஏன் தேவைப்பட்டது என்பது முக்கியம். ஹைட்ரஜனில் ஓடும் காரின் எரிபொருள் மின்கலத்தில், ஆக்சிஜன் மூலக்கூறு எலெக்ட்ரான்களையும் புரோட்டான்களையும் வாங்கிக்கொண்டு தண்ணீராக மாற வேண்டும். ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்பு லேசில் உடையாது. வினை மந்தமாகவே நடக்கும். அதை விரைவுபடுத்தப் பிளாட்டினம் வேண்டும். அதன் விலையோ அதிகம், கிடைப்பதும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில்தான். அந்த இடத்தில் வெறும் கரியை வைக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் கிராஃபீனைப் பிரித்தெடுத்ததும் அந்த ஆசை வலுத்தது. ஒற்றை அணு கனமுள்ள கார்பன் ஏடு அது. ஒரு கிராமை விரித்தால், இரு பக்கமும் சேர்த்து 2,630 சதுர மீட்டர். எல்லா அணுக்களும் மேற்பரப்பிலேயே இருப்பதால் எதுவும் வீணாகாது. ஆனால் குறையில்லாத கிராஃபீன் வினையூக்கத்துக்கு அவ்வளவாக உதவாது. அதன் பிணைப்புகள் நிறைவானவை. வரும் மூலக்கூறைப் பிடித்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. அதனால் ஏட்டைக் கெடுக்க வேண்டும்: ஓட்டை போடலாம், விளிம்புகளைக் கூட்டலாம், ஆக்சிஜன் தொகுதிகளை ஒட்டலாம், சில கார்பன்களை எடுத்துவிட்டு நைட்ரஜனை வைக்கலாம். நைட்ரஜன் பக்கத்துக் கார்பனிலிருந்து எலெக்ட்ரானைத் தன்பக்கம் இழுக்கும். அந்தக் கார்பனில் ஆக்சிஜன் வந்து ஒட்டும்.

2010-இல் இரண்டு நல்ல செய்திகள் வந்தன. லிமிங் டாய் குழு, நைட்ரஜன் சேர்ந்த கிராஃபீன் காரக் கரைசலில் பிளாட்டினத்துக்கு ஈடாக நிற்கும் என்றது. டெக்சாஸில் கிறிஸ்டோபர் பீலாவ்ஸ்கி குழு, பென்சைல் ஆல்கஹாலை பென்சால்டிஹைடாக மாற்ற கிராஃபீன் ஆக்சைடே போதும் என்றது. பிறகு போரான், கந்தகம், பாஸ்பரஸ், இரண்டிரண்டாக, மும்மூன்றாக என்று கட்டுரைகள் குவிந்தன. புமெரா குழு தன் பறவை எச்சக் கட்டுரையில் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டியது: சேர்க்கத்தக்க தனிமங்கள் 84. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 3,486 வகை; மும்மூன்றாகச் சேர்த்தால் 95,284. ஒவ்வொன்றும் ஒரு கட்டுரையாகலாம்; ஆனால் வினை ஏன் நடக்கிறது என்பது அவற்றால் விளங்கிவிடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் குடுவைக்குள்ளேயே இருக்கிறது. கிராஃபீன் ஆக்சைடு தயாரிக்கப் பலரும் கையாள்வது 1958-இல் வெளியான ஹம்மர்ஸ் முறை. அடர் கந்தக அமிலத்தில் கிராஃபைட் தூளைப் போட்டு, பனிக்கட்டியில் குளிர்வித்தபடியே பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பார்கள். கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியதும் கலவை பளிச்சென்ற மஞ்சளாகும். பிறகு பல முறை கழுவுவார்கள். எவ்வளவு கழுவினாலும் பெர்மாங்கனேட்டின் மாங்கனீசு கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். புமெரா சிங்கப்பூரின் நான்யாங் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 2013-இல், அந்தச் சொற்ப மாங்கனீசே ஆக்சிஜன் வினையை நடத்தப் போதும் என்று காட்டினார். 'உலோகமில்லா வினையூக்கி' என்று பெயர் வாங்கியவற்றில் எத்தனை உண்மையில் உலோகத்தால் இயங்கியவை?

எல்லாமே மாசின் வேலை என்று ஒதுக்குவதும் தவறு. 2016-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் ஜுன்ஜி நகமுரா குழு, ஒழுங்கான கிராஃபைட் பரப்பில் நைட்ரஜனை மட்டும் தேர்ந்து புகுத்தி, விளிம்பு நைட்ரஜனுக்கு அடுத்த கார்பனில்தான் வினை நடக்கிறது என்று நிறுவியது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான். பெரிய எண்ணை அறிவிப்பதைவிட, எந்த அணு வேலை செய்கிறது என்று சொல்வது கடினம், மதிப்பும் அதற்கே.

உலோகத்துக்கு அவ்வளவு திறமை இருந்தால் வேண்டுமென்றே வைத்தால் என்ன? இப்போது அதுதான் நடக்கிறது. நான்கு நைட்ரஜன்கள் சூழப் பிடித்திருக்கும் ஒற்றை இரும்பு அணுக்களைக் கார்பன் ஏட்டில் பதிக்கிறார்கள். பிளாட்டினத் துகளின் உள்ளே இருக்கும் அணுக்கள் வினையில் கலப்பதில்லை. இங்கே ஒவ்வொரு உலோக அணுவும் வேலைக்கு வருகிறது. ஆனால் மின்கலத்தின் அமிலச் சூழலில் இரும்பு மெல்லக் கரைகிறது, கார்பனும் அரிக்கப்படுகிறது. விற்பனைக்கு வந்த ஹைட்ரஜன் கார்கள் பிளாட்டினத்தை நம்பியிருப்பதற்கு இதுவே காரணம்.

கிராஃபீன் ஆய்வில் இறங்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'உலோகமில்லை' என்று எழுதும் முன் உங்கள் பொடியில் மாங்கனீசும் இரும்பும் எவ்வளவு என்று அளந்து, அந்த எண்ணைக் கட்டுரையின் முதல் அட்டவணையிலேயே கொடுங்கள்.