பதினான்காம் நாளின் கோடு

ஆய்வகத்தில் ஒரு மனிதக் கருவை எத்தனை நாள் வளர்க்கலாம்? 14 நாள், அதற்கு மேல் கூடாது என்கிறது பிரிட்டனின் 1990ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் பத்தாண்டு வரை சிறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் ஆய்வு நெறிமுறைகளும் இதே 14 நாளைத்தான் எல்லையாகச் சொல்கின்றன. பத்தோ இருபதோ ஆகாமல் பதினான்கு ஏன் என்று கேட்டால், பதிலின் பெரும்பகுதி ஆன் மெக்லாரன் என்ற விலங்கியலாளரின் வாழ்க்கையில் கிடைக்கிறது. 1927இல் லண்டனில் பிறந்த அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் எலிக் கருக்களை. உயிரின் தொடக்கம் குறித்த ஒரு சட்டத்துக்குத் தேவையான அறிவு அந்த எலிக் கூண்டுகளின் பக்கத்தில் இருந்து வந்தது என்பதும், ஆய்வின் எல்லையை வகுக்க ஆய்வாளரையே அழைத்தது சரியான முடிவு என்பதும் என் கருத்து.

1958இல் மெக்லாரனும் ஜான் பிக்கர்ஸும் எலிக் கருக்களைத் தாயின் உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, பிறகு வேறு எலிகளின் கருப்பையில் வைத்தார்கள். ஆரோக்கியமான குட்டிகள் பிறந்தன. முதல் சோதனைக் குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகள் முந்தைய செய்தி இது. பின்னர் அவர் ஈடுபட்ட இன்னோர் ஆய்வு, நாம் பேசும் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டு எலிக் கருக்களை ஆரம்ப நாட்களில் ஒட்டவைத்தால் அவை கலந்து ஒரே எலியாகப் பிறக்கும். இப்படிப்பட்ட கலப்பு விலங்குகளைப் பற்றி 1976இல் ஒரு நூலே எழுதினார். இரண்டு கரு ஒன்றாகலாம். இரட்டையர் விஷயத்தில் ஒன்று இரண்டாகலாம். அப்படியானால் முதல் நாட்களில் உள்ள கருவை ‘ஒரு ஆள்’ என்று எண்ணிவிட முடியுமா? இந்தக் கேள்வி அவருக்கு நுண்ணோக்கியின் அடியில் தினமும் கண்ணில் பட்ட ஒன்று.

மேரி வார்னாக் என்ற தத்துவவாதியின் தலைமையில் பிரிட்டன் அரசு 1982இல் இத்தகைய கேள்விகளை ஆராய 16 பேர் குழுவை அமைத்தபோது, அதில் இருந்த ஒரே கருவியல் ஆய்வாளர் மெக்லாரன். குழு 1984இல் அறிக்கை தந்தது. 14 நாள் என்ற எண்ணை முதலில் சொன்னது இந்தக் குழு அல்ல. அமெரிக்காவில் 1979இலேயே ஓர் ஆலோசனை வாரியம் அதைச் சொல்லியிருந்தது. கரு கருப்பையில் முழுதாகப் பதிந்து முடியும் கட்டம் அது என்பது அவர்கள் சொன்ன காரணம். வார்னாக் குழு எண்ணை வைத்துக்கொண்டு காரணத்தை மாற்றியது. கருத்தரித்து ஏறக்குறைய பதினைந்தாம் நாளில், தட்டையான செல் தகட்டின் மேல் ஒரு மெல்லிய கீற்று தோன்றும். தலைப்பக்கம் எது, வால்பக்கம் எது, இடம் எது, வலம் எது என்று உடலின் அச்சு அந்தக் கீற்றோடுதான் முடிவாகிறது. அதுவரை இருக்கும் செல்களில் பெரும்பங்கு நச்சுக்கொடியாகவும் உறைகளாகவும் ஆகப்போகிறவை. கீற்று வந்தபின் ஒரு கரு இரண்டாகப் பிரிவதற்கான வாய்ப்பு அநேகமாக முடிந்துவிடுகிறது. ஆகவே கீற்று வருமுன் நிறுத்திக்கொள்ள வேண்டும், அதை நாளாகவே எண்ணிச் சொல்ல வேண்டும். நீதிபதியால் கீற்றைப் பார்க்க முடியாது, நாட்காட்டியைப் பார்க்க முடியும்.

ஆய்வு செய்கிறவரே தன் துறைக்கு வேலி போடுவது பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தது போலாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வேலியின் சாவி அவரிடம் இல்லை. குழுவில் மூன்று பேர் மனிதக் கரு ஆய்வே வேண்டாம் என்று மறுப்புரை எழுதினார்கள். வேறு நான்கு பேர் ஆய்வுக்கென்றே கரு உருவாக்குவதை எதிர்த்தார்கள். அந்த மறுப்புகளும் அறிக்கையோடு சேர்ந்தே அச்சாயின. 1985இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஈனோக் பவல் கொண்டுவந்த, கரு ஆய்வைத் தடைசெய்யும் மசோதா 238க்கு 66 என்ற வாக்கில் இரண்டாம் வாசிப்பைத் தாண்டி, நேரமில்லாமல்தான் நின்றது. அந்த நாட்களில் மெக்லாரன் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் திரும்பத் திரும்பக் கருவியலை விளக்கினார். 1990 ஏப்ரலில் 364க்கு 193 என்று அவை கரு ஆய்வை அனுமதித்தது. உரிமம் தரும் ஆணையத்தின் தலைவர் மருத்துவராகவோ அத்துறை ஆய்வாளராகவோ இருக்கக் கூடாது என்று சட்டமே சொன்னது. கருமுட்டையும் விந்தணுவும் கொடுத்தவர்களின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் அந்தக் கருவைத் தொடக்கூடாது. கரு ஆய்வில் பயன்படும் வரை ஒப்புதலைத் திரும்பப் பெறவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

ஓரிடத்தில் மெக்லாரனோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதல் இரு வாரக் கருவை ‘முன்கரு’ என்று அழைக்கலாம் என்று அவர் வாதாடினார். அறிவியல்படி அதற்கு ஆதாரம் இருந்தது. ஆனாலும் பெயரை மாற்றி மனசாட்சியைத் தூங்கவைக்கிறார்கள் என்ற எதிர்ப்பாளர்களின் கோபத்தைத் தவறென்று சொல்ல முடியவில்லை. மனிதக் கருவுக்குச் சட்டப் பாதுகாப்பு ஓரளவு வேண்டும் என்று அவர் இருந்த குழுவே சொல்லியிருந்தது. வாதம் வலுவாக இருந்த இடத்தில் புதுச்சொல்லுக்குத் தேவையே இருக்கவில்லை.

இன்னொரு ஆட்சேபம் இன்றைக்குத்தான் கனம் கூடியிருக்கிறது. 1984இல் எந்த ஆய்வகத்தாலும் மனிதக் கருவைப் பதினான்கு நாள் வளர்க்க முடியாது. முடியாததைத் தடைசெய்வதில் யாருக்கும் இழப்பில்லை. 2016இல் கேம்பிரிட்ஜிலும் நியூயார்க்கிலும் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் வரை வளர்த்துக் காட்டினார்கள். முதன்முறையாக விதி உண்மையிலேயே ஆய்வாளரின் கையைப் பிடித்தது. 2021இல் உலக ஸ்டெம் செல் ஆய்வாளர் சங்கம் தன் வழிகாட்டுதலில் இருந்து 14 நாள் தடையை எடுத்துவிட்டது, பதிலாக வேறு எண் எதையும் வைக்கவில்லை. 28 நாள் ஆக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதன்பின் உள்ள வளர்ச்சியைக் கருக்கலைப்பில் கிடைக்கும் திசுக்களில் படிக்கலாம், இடைப்பட்ட இரண்டு வாரம்தான் இருட்டு என்பது அவர்கள் காரணம். அது ஆய்வாளரின் தேவையைச் சொல்லும் காரணம். வார்னாக் குழு சொன்னது கருவைப் பற்றிய காரணம். அந்த இரண்டு வாரத்தில் சுமார் 22ஆம் நாள் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28ஆம் நாளுக்குள் தண்டுவடமாகப் போகும் குழல் மூடிக்கொள்கிறது. பிறவி இதயக் கோளாறுகளும் முதுகுத்தண்டுக் குறைகளும் உருவாகும் வேளை அது என்பதால்தான் ஆய்வு வேண்டும் என்கிறார்கள். அதே துடிப்பும் அதே குழலும்தான் அந்தக் கருவை நமக்கு இன்னும் நெருக்கமாக்குகின்றன. எண்ணை மாற்றக் கேட்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒருசேர நாடாளுமன்றத்தின் முன் வைத்துப் பேச வேண்டும். மெக்லாரன் அப்படித்தான் பேசினார். அவர் 2007இல் கார் விபத்தில் இறந்தார். 28 நாள் கேட்கிறவர்கள் தரப்பில் அவர் இடத்தில் நின்று பேசுகிற ஒருவரை நான் இன்னும் காணவில்லை.