தீவுச் சுற்றுலா: விடுதிக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

முழு ஆண்டுத் தேர்வு முடியப் போகிறது என்றாலே வீட்டில் பிள்ளைகள், "இந்த வருஷம் எங்கே போறோம்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஊட்டி, கொடைக்கானலோடு முடிந்த பேச்சு, இப்போது வானகரம், மதுரவாயல், பூந்தமல்லி பக்கமுள்ள நம் குடும்பங்களிலும் மாலத்தீவு வரை போகிறது.

இறைவனின் படைப்பைப் பார்த்துச் சிந்திக்கப் பயணம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் "முஸ்லிம் நாடுதானே, எல்லாம் ஹலாலாகத்தான் இருக்கும்" என்று விசாரிக்காமல் பணம் கட்டுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒரே நாடு, இரண்டு விதத் தீவுகள்

மாலத்தீவு மக்கள் 1153-ல் இஸ்லாத்தை ஏற்றவர்கள். இப்னு பதூதா அங்கே காஜியாக இருந்திருக்கிறார். தலைநகர் மாலேயில் 1658-ல் பவளக் கல்லால் கட்டப்பட்ட ஜும்ஆ பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது.

1972-ல் அங்கே ரிசார்ட் தொழில் தொடங்கியது. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட், அங்கே ஊர் மக்கள் குடியிருப்பு கிடையாது. இத்தீவுகளில் மதுவுக்கு அனுமதி உண்டு. பல இடங்களில் பன்றி இறைச்சியும் பரிமாறுகிறார்கள். உடை விஷயத்தில் கட்டுப்பாடு இல்லை.

2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி பிறந்தது. மாஃபுஷி போன்ற இத்தீவுகளில் மது விற்பனை கிடையாது, கிடைக்கும் இறைச்சி ஹலால், ஐந்து வேளையும் பாங்கு கேட்கும். வெளிநாட்டவர் நீச்சலுடையில் குளிக்கத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். மற்றக் கரைகளில் நம் பெண்கள் முழு உடையோடு தயக்கமின்றி இறங்கலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்தத் தீவுகளே ஏற்றவை என்பது நம் கருத்து.

ரிசார்ட்தான் வேண்டும் என்றால்

'ஆல் இன்குளூசிவ்' திட்டத்தை எடுக்காதீர்கள். பெரும்பாலும் அந்தக் கட்டணத்தில் மதுவின் விலையும் சேர்ந்திருக்கும். நாம் குடிக்காவிட்டாலும் அதற்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம். காலை, இரவு உணவு மட்டும் உள்ள 'ஹாஃப் போர்டு' போதும்.

இறைச்சி ஹலாலா, பன்றி இறைச்சி சமைக்கும் பாத்திரங்கள் தனியா, குழம்பில் ஒயின் சேர்க்கிறார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஊழியர்களுக்கான பள்ளிவாசலில் விருந்தினரும் தொழலாமா என்றும் கேளுங்கள்.

புகைப்படங்களில் அழகாகத் தெரியும் கடல்மேல் வில்லாக்களில் பலவற்றைப் பக்கத்து வில்லாவிலிருந்து பார்க்க முடியும். நீந்தத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு அவை ஆபத்தும்கூட. பர்தா பேண விரும்பும் குடும்பத்துக்குச் சுற்றுவேலியும் தனிக் குளமும் உள்ள கரையோர வில்லாவே நல்லது.

கணக்கில் மறைந்திருப்பது

விளம்பரத்தில் அறை வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். 100 டாலர் அறைக்கு 10% சேவைக் கட்டணம் சேர்ந்தால் 110. அதன்மேல் 2025 ஜூலை முதல் 17% சுற்றுலா வரி. ஆக, 128 டாலர் 70 சென்ட்.

இதற்கு மேல் பசுமை வரி உண்டு. ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், 50 அறைக்குக் குறைவான விருந்தினர் இல்லத்தில் 6 டாலர். நான்கு பேர் மூன்று இரவு தங்கினால் ரிசார்ட்டில் 144 டாலர், சிறிய இல்லத்தில் 72 டாலர்.

விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போய்வரும் செலவை, பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தனியே கேளுங்கள். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் போய் இறங்கினால் மாலே பகுதியில் ஓர் இரவு வாடகை கூடுதலாக ஆகும். வெள்ளிக்கிழமைகளில் படகுகள் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் நாட்டுத் தீவுகள்

லட்சத்தீவில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் நீண்ட காலமாக மதுவிலக்கு இருந்துவந்தது. ஆனால் முன்கூட்டியே நுழைவு அனுமதி பெற வேண்டும். அந்தமானுக்குச் சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு, இந்தியருக்கு விசாவோ டாலரோ தேவையில்லை. அங்கும் ஹலால் உணவு கிடைக்குமா என்று விசாரித்த பிறகே விடுதியை முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று

'இப்போது பயணம், பிறகு பணம்' என்று வட்டிக் கடனுக்கு அழைக்கும் விளம்பரங்கள் பெருகிவிட்டன. நான்கு நாள் மகிழ்ச்சிக்காக வட்டியில் விழ வேண்டாம். ஹஜ் கடமையாகியும் நிறைவேற்றாதவர்கள், கடன் பாக்கி உள்ளவர்கள் முதலில் அதைப் பாருங்கள். மாதாமாதம் சேர்த்து அடுத்த ஆண்டு போனாலும் கடல் அங்கேதான் இருக்கும். கிளம்பும் முன் பயணத் தொழுகையின் சட்டங்களை உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டு, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

தொழுகையும் ஹலாலும் பேணி, குடும்பத்தோடு மகிழ்ந்து நலமாகத் திரும்பும் பயணங்களை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.