வெட்சி வளர்ப்போம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

தொல்காப்பியப் புறத்திணையியலில் முதலில் வரும் திணை வெட்சி. பகைவரின் ஆநிரை கவரச் செல்லும் வீரர் சூடிய பூ அது. தமிழ் வகுப்பில் அதைப் படிக்கும் நம்மில் பலர், அந்தப் பூவை நாள்தோறும் கடந்தே செல்கிறோம். வீட்டு முற்றத்திலும் கோயில் நந்தவனத்திலும் சிவந்த கொத்தாகப் பூக்கும் இட்லிப் பூதான் வெட்சி. தென்கோடி மாவட்டத்தார் இதைத் தெச்சி என்பர். லின்னேயஸ் 1753இல் இதற்கு இட்ட பெயர் இக்சோரா காக்சினியா. காப்பிச் செடியின் குடும்பமான ரூபியேசியைச் சேர்ந்தது.

வெட்சி ஆண்டு முழுதும் இலையுதிர்க்காமல் பசுமையாக நிற்கும் குறுஞ்செடி. இலைகள் எதிரெதிரே இணையாக அமையும். ஒவ்வொரு பூவும் மெல்லிய நீண்ட குழல். அதன் நுனியில் நான்கு இதழ்கள். குழலின் அடியிலுள்ள தேனை எட்ட நீண்ட உறிஞ்சுகுழல் வேண்டும். ஆகவேதான் வண்ணத்துப்பூச்சிகள் இதனைத் தேடி வருகின்றன.

இதை வளர்க்கப் பெருஞ்செலவு தேவையில்லை. மழைக்காலத்தில், அதிகம் முற்றாத கிளையில் ஒரு சாண் நீளத்துக்குக் குச்சி வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மணலும் செம்மண்ணும் கலந்த தொட்டியில் நட்டு நிழலில் வைக்கவேண்டும். ஓரிரு மாதங்களில் வேர் பிடிக்கும். பிறகு வெயில் நன்கு விழும் இடத்தில், தண்ணீர் தேங்காத மண்ணில் நடலாம். குட்டை வகைகளை இரண்டடி இடைவெளியில் நட்டால் அழகிய வேலியாகும். பூங்கொத்து கிளை நுனியில் தோன்றுவதால், பூத்து ஓய்ந்ததும் நுனியை வெட்டிவிடவேண்டும். ஒரு நுனி போன இடத்தில் பல கிளைகள் வரும். கிளை பெருகினால் பூவும் பெருகும்.

இனி முக்கியமான செய்தி. வெட்சிக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். எங்கள் வீட்டுச் செடி சுண்ணாம்புச் சுவரை ஒட்டி நின்றது; ஊற்றியதோ சுண்ணச்சத்து மிகுந்த கிணற்று நீர். கொழுந்துகள் மஞ்சளாயின. பிடுங்கி எறியச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தார். பள்ளிக்கூடமே போகாத என் தாயார், “செடியைப் பத்தித்தானே படிக்கிறே, இதுக்கு என்ன நோவுன்னு சொல்லு” என்றார். தேர்வு வினாத்தாள்கூட என்னை அவ்வளவு நேரடியாகக் கேட்டதில்லை.

விடை இலையிலேயே இருந்தது. தழைச்சத்து குறைந்தால் முதிர்ந்த இலை முதலில் வெளுக்கும். ஏனெனில் அச்சத்தைச் செடி கொழுந்துக்கு இடம் மாற்றிவிடும். இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் இடம் மாறாது. எனவே அது குறைந்தால் இளந்தளிரே மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். எங்கள் செடியில் கண்டது இதுவே. பச்சையத்தில் இரும்பு இல்லை. ஆனால் பச்சையம் உருவாக இரும்பு வேண்டும். சுண்ணம் மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் கரையாது. வேர் அதை உறிஞ்ச இயலாது. உலையில் சோறிருந்தும் கதவு பூட்டிய வீட்டின் கதைதான்.

மருந்து எளியது. அன்னபேதி என்னும் இரும்பு சல்பேட்டை லிட்டர் நீருக்கு ஐந்து கிராம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலையில் இலைமீது தெளிக்கலாம். பத்து, பதினைந்து நாள் கழித்து மறுமுறை தெளிக்கவேண்டும். இது உடனடி உதவி மட்டுமே. மக்கிய இலையுரம் இடுவதும், மழைநீரைச் சேமித்து ஊற்றுவதும், சுவரிலிருந்து விலக்கி நடுவதுமே நிலையான வழி. எங்கள் செடியில் அடுத்து வந்த துளிர்கள் பச்சையாகவே வந்தன. தாயார் இப்போது பக்கத்து வீடுகளுக்கும் அன்னபேதிக் கணக்குச் சொல்கிறார்.

மஞ்சளான செடியெல்லாம் மடியும் செடியன்று. பிடுங்குமுன் எந்த இலை மஞ்சளாயிற்று என்று பாருங்கள். நாம் படிக்கும் தாவரவியல் ஏட்டில் மட்டும் இருந்தால் அதுவும் மண்ணில் கரையாத இரும்புதான். நம் வீட்டு முற்றத்துக்கு அது போய்ச் சேரட்டும்.