நஞ்சறிவு யாருக்கு?

சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் எம்மில் பலருக்கும் தெரிந்ததே. நொதேர்ன் பவர் நிறுவனம் அப்பிரதேச மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கவேண்டுமென 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு முந்திய வருடங்களில் சனங்கள் பட்ட குழப்பம் பற்றி நாம் போதியளவு பேசவில்லை. கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் அளவுக்கு மேல் உள்ளதென்றது நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வு. வட மாகாணசபை அமைத்த நிபுணர் குழுவோ அதற்கு மாறாகக் கூறியது. இரண்டும் விஞ்ஞானத்தின் பெயராலேயே பேசின. குடிப்பதா விடுவதா என்று தீர்மானிக்கவேண்டி வந்ததோ வாளியோடு நின்றவர்களுக்கு.

இங்கு ஒரு விடயத்தை விளக்கவேண்டும். ‘எண்ணெயும் கிரீசும்’ என்பது ஒரு திரட்டிய அளவு. கரைப்பானொன்றால் பிரித்தெடுக்கக்கூடிய அனைத்தையும் சேர்த்து அது காட்டும். அதற்குள் எந்தச் சேர்வை உள்ளதென்று சொல்லாது. பென்சீன், தொலுயீன் போன்றவற்றைத் தேடும் சோதனை வேறு. அவை எளிதில் ஆவியாகுபவை. ஆகவே ஒரு சோதனையில் ‘இல்லை’ என வருவது மற்றச் சோதனையின் ‘உண்டு’ என்பதைப் பொய்யாக்கிவிடாது. இந்த வேறுபாட்டை ஒரு பட்டதாரி மாணவர் சுயமாகச் சரிபார்க்க முடியுமா என்பதே என் கேள்வி.

நான் ஊரில் இரசாயனம் கற்பித்தவன். இப்போது ஜுபைலில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் சுற்றாடல் முகாமைத்துவம், நச்சியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் எங்கே தேடுவதென்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் எழுதுகிறேன்.

முதலில் பெயரை நம்பாதீர்கள், எண்ணைத் தேடுங்கள். ஒரே பொருளுக்குப் பத்துப் பெயர்கள் இருக்கும், சி.ஏ.எஸ். பதிவெண் ஒன்றே. பென்சீனுக்கு அது 71-43-2. இந்த எண்ணை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் ‘பப்கெம்’ தளத்தில் இட்டால் பௌதிக இயல்புகள் முதல் நச்சுத் தரவுகள் வரை கிடைக்கும். ஆய்வுக் கட்டுரைகளுக்கு ‘பப்மெட்’. ஒரு பொருளைப் பற்றி முழுமையாக வாசிக்க விரும்புவோர் ஏ.ரி.எஸ்.டி.ஆர். என்ற அமெரிக்க முகவரகத்தின் நச்சியல் விபரத்தொகுப்புகளைப் பார்க்கலாம். புற்றுநோய் தொடர்பாக லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தின் தொகுதிகள் உள்ளன. பென்சீன் அங்கு முதலாம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென உறுதியான பிரிவில் உள்ளது. இவை அனைத்தும் இலவசம். விலைகொடுத்து வாங்கவேண்டிய சஞ்சிகைகளுக்கு, வறிய நாடுகளின் நிறுவனங்களுக்கென 2002இல் உலக சுகாதார தாபனம் தொடக்கிய ‘ஹினாரி’ திட்டமும், 2006இல் வந்த சுற்றாடல் துறைக்கான ‘ஓ.ஏ.ஆர்.ஈ.’யும் உண்டு. உங்கள் பல்கலைக்கழக நூலகரிடம் விசாரியுங்கள்.

அடுத்தது, எண்களை வாசிக்கும் விதம். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அமெரிக்கச் சட்ட எல்லை 5. வேலைத்தளக் காற்றில் அமெரிக்கச் சட்டம் எட்டு மணிநேரச் சராசரியாகப் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அனுமதிக்கிறது. அதே நாட்டின் ஆய்வு நிறுவனமான நையோஷ் பரிந்துரைப்பதோ அதில் பத்திலொரு பங்கு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்போம். அந்த அளவை யார், யாருக்காக, எந்தச் செலவைக் கணக்கிட்டு வகுத்தார் என்ற கேள்வியும் நச்சியலின் பகுதியே. எல்லை என்பது விஞ்ஞானமும் பேரமும் சேர்ந்து பிறப்பது.

இணையம் நிரந்தரமானதல்ல என்பதையும் மறக்கலாகாது. 1985 முதல் இத்துறையினரின் முதற் புகலிடமாயிருந்த ‘ரொக்ஸ்நெற்’ 2019 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் தரவுகளிற் பெரும்பகுதி பப்கெம், பப்மெட் என்பவற்றுக்கு மாற்றப்பட்டது. எனினும் பழைய நூல்களிலுள்ள முகவரிகள் இன்று எங்கும் கொண்டுபோய் விடா. 1981இல் நூலகம் எரியக் கண்ட சமூகத்திற்கு இதை விளக்கத் தேவையில்லை. வாசித்ததைத் தரவிறக்கி, திகதியிட்டு வைத்திருங்கள்.

மொழிப் பிரச்சினை இதைவிடப் பெரிது. நான் கையாளும் பீப்பாய்களில் அறபும் ஆங்கிலமும் உண்டு, தமிழ் இல்லை. ஐதரசன் சல்பைட்டின் அழுகிய முட்டை மணம், செறிவு கூடும்போது மூக்கு மரத்து, தெரியாமற் போய்விடும். மணம் போனதும் ஆபத்தும் போயிற்றென எண்ணுபவனுக்கு இதை அவனது மொழியில் எழுதி வைத்தாற்போதும், உயிர் தப்பும். சர்வதேசத் தொழில் தாபனத்தின் தளத்தில் ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட இரசாயனப் பாதுகாப்பு அட்டைகள் இலவசமாக உள்ளன. ஒவ்வொன்றும் சில பக்கங்களே.

இதெல்லாம் நிபுணர் வேலை, இலக்கியச் சஞ்சிகைக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நான் உடன்படவில்லை. நிபுணர்கள் முரண்பட்டபோது சுன்னாகத்தில் நடுவே நின்று வாசித்துச் சொல்ல எத்தனை பேர் இருந்தார்கள்? எனவே இரண்டு யோசனைகள். சுன்னாகம் பற்றிய அறிக்கைகள், வழக்குப் பத்திரங்கள், துண்டுப்பிரசுரங்கள் அனைத்தும் 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் ஒன்றுசேர்க்கப்படவேண்டும். வளைகுடாவிலும் ஊரிலும் எம்மவர் அன்றாடம் தொடும் ஐம்பது பொருட்களின் அட்டைகளேனும் தமிழில் வரவேண்டும். இரசாயனம் தெரிந்தவர் பலர் எம்மிடையே ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ளனர். பென்சீனை நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றை யார் எடுப்பதென்பதை அடுத்த இதழில் பேசுவோம்.