மணிலாவின் ஒற்றைக் கோபுரம்

மணிலாவில் சான் அகுஸ்தின் தேவாலயத்தின் முன்னால் முதன்முறை நிற்பவருக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது, நானூறு வயதைத் தாண்டியது, பிலிப்பைன்ஸில் இன்று நிற்கும் கற்கோயில்களில் மிகப் பழையது என்றெல்லாம் படித்துவிட்டு வந்திருப்பார். எதிரே இருப்பதோ தட்டையான ஒரு முகப்பு. கீழ் வரிசையில் தூண்கள், மேல் வரிசையில் தூண்கள், உச்சியில் ஒரு முக்கோணம். வாசலில் சீனத்துக் கருங்கல் சிங்கங்கள் காவல் இருக்கின்றன. ஒரு பக்கம் மணிக்கோபுரம் உண்டு. மறுபக்கம் கோபுரம் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக நிற்கிறது.

அழகில் இதை மிஞ்சும் தேவாலயங்கள் அந்த நாட்டிலேயே இருக்கின்றன. 1993இல் யுனெஸ்கோ இதனோடு சேர்த்து அறிவித்த மற்ற மூன்றைப் பார்த்தாலே போதும். வடக்கே பாவோய் ஊரின் தேவாலயத்தில் பக்கவாட்டில் வரிசையாக நிற்கும் முட்டுச்சுவர்களைப் பார்த்தால் ஏதோ பழைய கோட்டை போலிருக்கும். மியாகாவோவில் முகப்பு முழுக்கத் தென்னையும் பப்பாளியும் கொய்யாவும் செதுக்கியிருக்கிறார்கள். சான்டா மரியாவில் குன்றின் மேல் படியேறிப் போக வேண்டும். இவற்றுக்கு நடுவே சான் அகுஸ்தின் சாதாரணமாகத் தெரிவது உண்மை. அதன் பெருமை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. சுவரின் தடிமனில்.

கதை மூங்கிலில் தொடங்குகிறது. 1571இல் மிகேல் லோபெஸ் தெ லெகாஸ்பி மணிலாவைப் பிடித்து ஸ்பெயினின் தலைநகராக்கினார். அவரோடு வந்தவர்கள் அகுஸ்தினார் சபைத் துறவிகள். அவர்கள் கையில் கிடைத்த மூங்கிலையும் நீபாக் கீற்றையும் கொண்டு கோயில் எழுப்பினார்கள். நீபா என்பது கழிமுகச் சேற்றில் வளரும் ஒரு வகைப் பனை. அங்கே வீடு வேய்வதற்கு அதுதான். மூன்றே ஆண்டுகள். 1574இல் லிமாகோங் என்ற சீனக் கடற்கொள்ளைத் தலைவன் படையோடு வந்து இறங்கியபோது அந்தக் கீற்றுக் கோயில் எரிந்து போனது.

அடுத்தது மரக் கோயில். இது எரிந்த விதம் இன்னும் விசித்திரம். 1583இல் ஆளுநர் கொன்சாலோ ரொன்கில்யோ இறந்துபோனார். அவரது சவச் சடங்கு நடந்துகொண்டிருந்தபோது, பாடையைச் சுற்றித் தொங்கவிட்டிருந்த துணியில் மெழுகுவர்த்திச் சுடர் பட்டது. துணி பற்றி, மரம் பற்றி, கோயில் பற்றி, நகரத்தின் பெரும்பகுதி சாம்பலானது. ஆளுநரை அடக்கம் செய்ய வந்த ஊர், ஊரையே இழந்து திரும்பியது.

இரண்டு முறை சூடுபட்ட பிறகு துறவிகள் கல்லுக்கு மாறினார்கள். 1586இல் வேலை தொடங்கியது. வரைபடம் ஹுவான் மசியாஸ் என்பவருடையது. மெக்சிகோவில் அதே சபையினர் கட்டியிருந்த கோயில்களின் சாயல் இதில் உண்டு. அதில் வியப்பில்லை. மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டுகள் பாய்மரக் கப்பல் ஓடியது. வெள்ளியும் பட்டும் மட்டுமா அதில் போய்வந்தன? கட்டடக் கலையும் பயிர்களும்கூட ஏறி இறங்கின. இங்குள்ள பிரசங்க மேடையில் அன்னாசிப்பழம் செதுக்கியிருக்கிறது. அன்னாசி அமெரிக்கக் கண்டத்துப் பழம்.

கல் மைகாவயான், பினாங்கோனான், சான் மத்தேயோ ஆகிய ஊர்களிலிருந்து வந்தது. பிலிப்பைன்ஸ்காரர்கள் அதை ‘அடோபே’ என்கிறார்கள். உலகின் மற்ற இடங்களில் அந்தச் சொல்லுக்கு வெயிலில் காய்ந்த மண் கல் என்று பொருள். இங்கே அது எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல். வெட்டி எடுக்கும்போது உளிக்கு எளிதாக வளையும். காற்றுப்பட இருந்தால் இறுகிவிடும். கல் கிடைத்தது, காசும் கல்தச்சர்களும் கிடைக்கவில்லை. ஸ்பானிய ஆட்சியில் உள்ளூர் ஆண்கள் ஆண்டுக்கு நாற்பது நாள் அரசுக்கும் சபைக்கும் கட்டாய வேலை செய்ய வேண்டும் என்ற விதி இருந்தது. அப்படிப்பட்ட கைகளும், நகருக்கு வெளியே குடியிருந்த சீனக் கைவினைஞர்களும் இல்லாமல் அந்தக் காலத்து மணிலாவில் எதுவும் எழும்பியதில்லை. 1607 ஜனவரி 19 அன்று கோயில் முடிந்ததாக அறிவித்தார்கள். மசியாஸ் அதற்கு முன்பே இறந்துவிட்டார். கட்டியவர் என்று சபை அவர் பெயரை மட்டும் பதிந்து வைத்திருக்கிறது. கல் சுமந்தவர்களுக்கு அந்த மரியாதை இல்லை, வழக்கம்போல.

நீளம் 67 மீட்டர், அகலம் ஏறத்தாழ 25 மீட்டர். உள்ளே நுழைந்தால் தலைக்கு மேலே கல்லால் வளைத்த நீண்ட கமான் கூரை. கல் கமான் சும்மா இருக்காது. தன் கனத்தைப் பக்கச் சுவர்கள்மேல் ஏற்றி, அவற்றை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஐரோப்பாவில் இந்தத் தள்ளலைத் தாங்க வெளியே முட்டுக் கொடுப்பார்கள். பாவோயிலும் முட்டுக்கள் வெளியேதான் நிற்கின்றன. சான் அகுஸ்தினில் முட்டுக்கள் உள்ளேயே ஒளிந்திருக்கின்றன. நடுக் கூடத்தின் இருபுறமும் வரிசையாகச் சிறு பீடங்களுக்கான அறைகள் இருக்கின்றன அல்லவா, அந்த அறைகளைப் பிரிக்கும் குறுக்குச் சுவர்கள்தான் முட்டு. ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் தடிமன். பக்தர் அதை மண்டியிடும் மூலை என்று நினைக்கிறார். கட்டடமோ அதன்மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது.

கோயிலின் உயிர்நாடி இந்த ஏற்பாடுதான். பிலிப்பைன்ஸ் நிலநடுக்கத்தின் நாடு. 1645 நவம்பர் 30 அன்று மணிலா தரைமட்டமானது, இது நின்றது. 1699, 1754, 1796, 1825, 1852 என்று அடுத்தடுத்து வந்து போயிற்று. 1863 ஜூன் 3 இரவு வந்தது கொடூரமானது. சில நிமிட நடையில் உள்ள மணிலா பேராலயம் இடிந்து விழுந்து, உள்ளே இருந்த பாதிரியார் பெத்ரோ பெலாயெஸ் உள்படப் பலர் மாண்டனர். உள்நாட்டுக் குருக்களின் உரிமைக்காகப் போராடிய மனிதர் அவர். அந்த நிலநடுக்கத்தில் நகரின் பொதுக் கட்டடங்களில் சேதமில்லாமல் நின்றது சான் அகுஸ்தின் ஒன்றே.

1880 ஜூலையில்தான் அடி விழுந்தது. மூன்று நாள் தொடர்ந்து குலுங்கியதில் இடப்பக்க மணிக்கோபுரத்தில் பெரிய வெடிப்பு. உயரமான கோபுரமும் தாழ்ந்து பரந்த கூடமும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. இரண்டும் ஒட்டியிருந்தால் ஆட்டத்தின்போது ஒன்றையொன்று மோதும். பாவோய்க்காரர்கள் மணிக்கோபுரத்தைக் கோயிலை விட்டுத் தள்ளிக் கட்டியது எவ்வளவு நல்ல யோசனை என்பது இங்கே புரியும். வெடித்த கோபுரத்தை இறக்கிவிட்டார்கள், திரும்பக் கட்டவேயில்லை. என்னைக் கேட்டால் அது நல்ல முடிவு. இரண்டு கோபுரத்தோடு இருந்திருந்தால் அந்த முகப்பைப் பார்த்து யாரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பூமிக்கு அசையாதது மனிதரிடம் தப்பவில்லை. இந்த இடத்தில் நம் சென்னை கதைக்குள் வருகிறது. 1762 ஆகஸ்டில் மதராஸ் கடற்கரையிலிருந்து ஒரு பிரிட்டிஷ் கடற்படை மணிலாவை நோக்கிப் புறப்பட்டது. கப்பல்களுக்குத் தலைவர் சாமுவேல் கார்னிஷ். தரைப்படைக்கு வில்லியம் டிரேப்பர். மூன்று ஆண்டுக்கு முன் பிரெஞ்சுக்காரர் மதராஸை முற்றுகையிட்டபோது கோட்டைக்குள் நின்று சண்டை போட்டவர் இந்த டிரேப்பர். அவரது வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு நூற்றுக்கணக்கான மதராஸ் சிப்பாய்களும் கப்பலேறினார்கள். ஸ்பெயினோடு போர் தொடங்கிவிட்ட சேதியே மணிலாவுக்கு அப்போது வந்து சேர்ந்திருக்கவில்லை. அக்டோபர் 6இல் நகரம் விழுந்தது.

சூறையாடாமல் விட நாற்பது லட்சம் பெசோ என்று பேரம். அந்தத் தொகை முழுதாக வந்து சேரவேயில்லை. சூறை மட்டும் நடந்தது. சான் அகுஸ்தினின் பாத்திரங்களும் நூலகமும் பறிபோயின. லெகாஸ்பியின் கல்லறையையும் விடவில்லை. அவர் எலும்புகளும், அவரோடு வந்த தளபதிகள் சால்செதோ, கோய்த்தி ஆகியோரின் எலும்புகளும் கலந்துபோய், ஒரே இடத்தில் சேர்த்து அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. இன்று கோயிலுக்குள் லெகாஸ்பி படுத்திருப்பது போன்ற சிலையைப் பார்க்கலாம். அதன் கீழே இருப்பது அவர் மட்டும் அல்ல. மணிலாவில் பிடித்த ஸ்பானியக் கொடிகளை டிரேப்பர் கேம்பிரிட்ஜில் தாம் படித்த கல்லூரியின் ஆலயத்துக்குக் கொடுத்தார். ஒரு கோயிலில் கொள்ளை, இன்னொரு கோயிலுக்குக் காணிக்கை!

1764இல் படை திரும்பியபோது சிப்பாய்கள் சிலர் கப்பலேறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே உள்ள காயின்டா என்ற ஊரில் தங்கி, அங்கேயே பெண்ணெடுத்துக் குடும்பமானார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். மணிலாவும் மதராஸும் அதற்கு முன்பே ஒன்றுக்கொன்று தெரிந்த ஊர்கள்தான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் மர்மலாங் பாலத்தைத் தன் காசில் கட்டிக் கொடுத்த அர்மேனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் மணிலா வியாபாரத்தில் பொருள் சேர்த்தவர். அந்தப் பாலம் இருந்த இடத்தில்தான் இப்போது மறைமலை அடிகள் பாலம்.

சரி, கோயிலுக்குள் திரும்புவோம். கூரையை அண்ணாந்து பார்த்தால் கமான் முழுக்கப் புடைப்புச் சிற்பம்: கட்டம் கட்டமாகப் பள்ளங்கள், பூக்கள், சுருள்கள். நன்றாக உற்றுப் பாருங்கள். சிற்பமே இல்லை. எல்லாம் தட்டையான பூச்சின் மேல் தீட்டிய ஓவியம். சீசரே அல்பெரோனி, ஜியோவானி திபெல்லா என்ற இரண்டு இத்தாலியர்கள் 1875இல் வெளிச்சத்தையும் நிழலையும் வண்ணத்தாலேயே போட்டு இந்த மாயத்தைச் செய்தார்கள். நம் பழைய நாடகக் கம்பெனிகளின் தர்பார் திரைச்சீலையில் தூண்கள் எழுந்து நிற்குமே, அதே வித்தை. முகப்பு பேசாமல் நிற்கிறது. உள்ளே கூரை இப்படி வாய் ஓயாமல் பேசுகிறது. கூரையிலிருந்து தொங்குபவை பாரீஸிலிருந்து வந்த சரவிளக்குகள்.

எனக்குக் கூரையைவிடப் பாடகர் மாடம்தான் பிடித்தது. பதினேழாம் நூற்றாண்டில் செதுக்கிய 68 மர இருக்கைகள் அங்கே இருக்கின்றன. மரத்தின் பெயர் மொலாவே. ஊர்ப்பக்கம் வேலியோரம் நிற்கும் நம் நொச்சிக்கு அது பங்காளி, ஒரே பேரினம். நொச்சி புதராக நின்றுவிடுகிறது. மொலாவே பெருமரமாகி, கறையானுக்கும் ஈரத்துக்கும் அசையாமல் நூற்றாண்டுகள் நிற்கும்.

1898 ஆகஸ்டில் அமெரிக்கர்களிடம் மணிலாவை ஒப்படைக்கும் நிபந்தனைகளை ஸ்பானிய ஆளுநர் ஹௌதெனெஸ் ஆயத்தம் செய்ததும் இந்த வளாகத்தில்தான். மூன்று நூற்றாண்டு ஆட்சியைத் தொடங்கிவைத்தவரின் கல்லறைக்குச் சில அடி தள்ளி அந்த ஆட்சி முடிந்தது.

1945 பிப்ரவரியைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. ஜப்பானியப் படை இன்ட்ராமுரோஸ் எனப்படும் மதில் நகருக்குள் பதுங்கிக்கொண்டது. நூற்றுக்கணக்கான நகரவாசிகளையும் துறவிகளையும் இந்தக் கோயிலுக்குள் அடைத்து வைத்தது. அவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். வெளியிலிருந்து அமெரிக்கப் பீரங்கிகள் மதிலையும் மதிலுக்குள் இருந்த எல்லாவற்றையும் உடைத்தன. அந்த ஒரு மாதச் சண்டையில் மணிலாவில் இறந்த பொதுமக்கள் ஒரு லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். மதிலுக்குள் ஏழு தேவாலயங்கள் இருந்தன. ஆறு போயின. சான் அகுஸ்தினுக்குக் கூரையில் சேதம், சுவர் நின்றது. ஒட்டியிருந்த மடம் முற்றிலும் அழிந்தது. அதை 1970களில் கட்டடக் கலைஞர் ஆங்ஹெல் நாக்பில் திருப்பிக் கட்டி அருங்காட்சியகமாக்கினார்.

அந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். தந்தத்தில் செதுக்கிய சுரூபங்கள், சரிகை போட்ட பூசை உடைகள், தோலில் எழுதிய பெரிய பாடல் ஏடுகள் எல்லாம் உண்டு. ஓவியர் ஹுவான் லூனா இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். நடுவே ஒரு தோட்டம். மானுவேல் பிளாங்கோ என்ற துறவியின் பெயர் அதற்கு. அந்தத் தீவுகளின் செடிகொடிகளைத் தொகுத்து 1837இல் ‘ஃப்ளோரா தெ ஃபிலிபினாஸ்’ நூலை வெளியிட்டவர் அவர்.

சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள். மணிலாவின் பாதிக் கல்யாணம் இங்கேதான் என்று தோன்றும். ஒரு மாப்பிள்ளை இறங்கும் படியில் அடுத்த மணப்பெண் ஏறிக்கொண்டிருப்பாள். வேலை நாளில் போனால், கூரையைப் படம் பிடித்த கையோடு பக்கத்துச் சிறு பீடத்துக்குள் நுழைந்து, அந்தக் குறுக்குச் சுவரின் தடிமனை உங்கள் கையாலேயே அளந்து பாருங்கள். பெரிய ஆளுக்கும் ஒரு கை நீளத்துக்குள் அடங்காது.