பின்சக்கரம் தூக்கினால் முன்சக்கரம் பிழைக்கும்

மைசூரு லலித மஹால் அரண்மனை அருகே ஹெலிபேட் திடலில் நடந்த மண்தரைப் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. வளைவுக்குள் நுழையும் கார் வாலை வீசி, பக்கவாட்டில் சறுக்கியபடியே திரும்பும். அதே வகைக் காரைச் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையின் தார்ப் பாதையில் பாருங்கள். அங்கே சறுக்கல் குறைவு. ஆனால் வேகமான வளைவில் உட்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்கும். கார் கவிழப்போகிறது என்று புதிதாகப் பார்ப்பவர் பதறுவார். பிட்டில் நிற்கும் மெக்கானிக்கோ அசரமாட்டார். கார் அப்படி ஓட வேண்டும் என்றுதான் அவர் அதை அமைத்திருக்கிறார்.

மண்ணில் வாலை வீசுவதும் தாரில் காலைத் தூக்குவதும் ஒரே நோக்கத்துக்காகத்தான்: முன்டயர்களைக் காப்பாற்றுவது.

முன்சக்கர இயக்கக் காரில் இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டும் முன்னால் இருக்கின்றன. எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்சக்கரங்கள் மீது. காரை இழுப்பதும் திருப்புவதும் அவைதான். பிரேக்கில் பெரும்பங்கும் அவற்றுக்கே. ஒரு டயருக்குத் தரையில் கிடைக்கும் பிடிப்போ அளவானது. ஒரே சம்பளத்தில் இரண்டு குடும்பம் நடத்துவது போலத்தான் இது: திருப்புவதற்கு முழுவதையும் செலவழித்தால், இழுப்பதற்கு மிச்சமில்லை. வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் திரும்ப மறுத்து வெளிப்பக்கம் ஓடும். பந்தயக்காரர்கள் ‘அண்டர்ஸ்டியர்’ என்று அலுத்துக்கொள்வது இதைத்தான்.

டயருக்கு இன்னொரு குணமும் உண்டு. எடை கூடக் கூடப் பிடிப்பும் கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது. ஒரு கற்பனைக் கணக்கு: 300 கிலோ எடை தாங்கும் டயர் 330 கிலோ அளவுக்குப் பிடிக்கிறது என்று கொள்வோம். இரண்டு டயர்களுக்கும் சேர்த்து 660. வளைவில் உள்டயரிலிருந்து 150 கிலோ வெளிடயருக்கு மாறுகிறது. 450 கிலோ தாங்கும் வெளிடயர் 460 தரும். 150 கிலோ தாங்கும் உள்டயர் 175 தரும். கூட்டினால் 635. எடை இடம் மாறியதிலேயே பிடிப்பில் 25 கிலோ காணாமல் போய்விட்டது. டயர்ப் பொறியாளர்களின் பாலபாடம் இது.

வளைவில் மொத்தம் எவ்வளவு எடை இடம் மாறும் என்பதை வேகமும், காரின் ஈர்ப்பு மையத்தின் உயரமும், சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் முடிவு செய்கின்றன. சஸ்பென்ஷனால் அதைக் குறைக்க முடியாது. ஆனால் அதில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பங்கு பிரிக்க முடியும். பின்பக்கத்தை விறைப்பாக்கினால் எடைமாற்றத்தின் பெரும்பங்கை அது ஏற்றுக்கொள்ளும். முன்பக்க உள்டயர் தரையை அழுத்தியபடியே இருக்கும், இழுவை கிடைக்கும். பின்பக்கத்தின் பங்கு உச்சத்தைத் தொடும்போது அங்கே உள்சக்கரம் தூக்கிவிடும். தூக்கினால் என்ன, அது இழுக்கும் சக்கரமா?

முன்டயர்களின் பிடிப்பு காக்கப்படுகிறதா என்ற இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் சஸ்பென்ஷன் வகைகளை ஒப்பிட வேண்டும்.

முன்பக்கத்தில் மிகப் பரவலாக இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட். கீழே ஒரு லோயர் ஆர்ம், மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண். எளிமையானது, மலிவானது, குறுக்காகப் படுத்திருக்கும் இன்ஜினுக்கு இடம் விடுவது. குறை என்னவென்றால், வளைவில் பாடி சாயும்போது வெளிச்சக்கரமும் பெருமளவு அதோடு சேர்ந்து சாய்கிறது. டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து சூடாகிறது. அதற்காகப் பந்தயக் கார்களில் சக்கரத்தின் மேற்பகுதியை இரண்டு மூன்று டிகிரி உள்நோக்கிச் சாய்த்து, நெகட்டிவ் கேம்பர் வைக்கிறார்கள். அழகுக்காகக் காரை அளவுக்கு மீறித் தாழ்த்துபவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். லோயர் ஆர்மின் கோணம் மாறிவிடுவதால், தாழ்ந்த கார் முன்னைவிட அதிகமாகச் சாயத் துடிக்கும்.

டபுள் விஷ்போனில் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள். மேலது நீளம் குறைந்தது. ஆகவே பாடி சாய்ந்தாலும் சக்கரம் ஓரளவு நிமிர்ந்தே நிற்கும். 1990களின் ஹோண்டா சிவிக் உலகெங்கும் பந்தயக்காரர்களின் செல்லமானதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விலையும் இடத்தேவையும்தான் இதன் சுமை.

பின்பக்கத்தில் போட்டி டார்ஷன் பீமுக்கும் மல்டி லிங்குக்கும். டார்ஷன் பீம் என்பது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொள்ளும் ஒரு குறுக்குச் சட்டம். அந்த முறுக்கமே காரின் சாய்வைத் தடுக்கும். மல்டி லிங்கில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பல தனித்தனி ஆர்ம்கள். கோணங்களை நுணுக்கமாகத் திருத்தலாம். நவீனமானதே வெல்லும் என்று தோன்றும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. டார்ஷன் பீம் கொண்ட ஹோண்டா சிவிக் டைப் ஆர் அங்கே ஓடியதாக 2015இல் அறிவிக்கப்பட்ட நேரம் 7 நிமிடம் 50.63 வினாடி. மல்டி லிங்குக்கு மாறிய அடுத்த மாடல் 2017இல் 7 நிமிடம் 43.80 வினாடியில் வந்தது. விவாதம் முடிந்தது என்று பார்த்தால், 2019இல் ரெனோ மெகான் ஆர்எஸ் டிராஃபி-ஆர் 7 நிமிடம் 40.1 வினாடியில் அதை முந்தியது. அதன் பின்பக்கத்தில் இருந்தது பழைய டார்ஷன் பீம்தான். எடைக்குறைப்பும் டயரும் அதற்குக் கைகொடுத்தன என்பது உண்மை. ஆனால் பீம் அதற்குத் தடையாக நிற்கவில்லை. நல்ல தார்ப் பாதையில் பின்சக்கரத்தின் வேலை குறைவு. அதற்கு எளிய சட்டமே போதும்.

இந்திய ராலிகளில் இதே ஒப்பீடு வேறு வடிவில் நடந்தது. எம்ஆர்எஃப் அணி ஓட்டிய மிட்சுபிஷி சீடியாவின் பின்பக்கம் மல்டி லிங்க். பின்னாளில் ராலிக்காரர்கள் விரும்பி எடுத்த ஃபோக்ஸ்வேகன் போலோவின் பின்பக்கம் டார்ஷன் பீம். முன்பக்கம் இரண்டுக்கும் ஸ்ட்ரட். சிக்கமகளூரு காபித் தோட்டத்து மண்பாதைகளில் மல்டி லிங்குக்கு ஒரு சாதகம் உண்டு: ஒரு பக்கச் சக்கரம் குழியில் விழுந்தால் மறுபக்கத்துக்கு அந்த அதிர்ச்சி அதிகம் போகாது. பாதகமும் உண்டு: ஒரு கல் அடித்து ஒரு ஆர்ம் வளைந்தால் சக்கரக் கோணமே மாறிவிடும். பீமில் இணைப்புகள் குறைவு. சர்வீஸ் நேரம் நிமிடக் கணக்கில் தரப்படும் ராலியில் அந்த எளிமைக்கு மதிப்பு அதிகம்.

மண்ணுக்குத் தேவையும் வேறு. மென்மையான ஸ்பிரிங், சக்கரம் மேலும் கீழும் போய்வர நீண்ட இடைவெளி, குழிகளின் அடியைத் தாங்கும் நல்ல ஷாக் அப்சார்பர். தாருக்கு வைத்த விறைப்பை மண்ணில் வைத்தால் டயர் தரையில் இருப்பதைவிடக் காற்றில் இருக்கும் நேரமே அதிகமாகும். அப்படியானால் முன்டயர்களின் சுமையை எப்படிக் குறைப்பது? அங்கே ஓட்டுநரே அந்த வேலையை ஏற்கிறார். வளைவுக்கு முன்பே இடதுகாலால் பிரேக்கைத் தொட்டோ ஹேண்ட்பிரேக்கை இழுத்தோ வாலை வீசி, காரின் மூக்கை முன்கூட்டியே திருப்பிவிடுகிறார். அதன்பின் முன்டயர்களுக்கு இழுக்கும் வேலை மட்டுமே மிச்சம்.

சாதாரண காரைப் பந்தயத்துக்குத் தயார்செய்யும் இளைஞர்கள் இதிலிருந்து ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளலாம். முதல் செலவு டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும். அடுத்து முன்பக்கக் கேம்பர். பிறகு பின்பக்க விறைப்பு. அதற்குப் பிறகே உள்சக்கரம் வெறுமனே சுழல்வதைத் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். தயாரிப்பு நிலைக் கார்களுக்கான பிரிவுகளில் சஸ்பென்ஷன் வகையையே மாற்றப் பொதுவாக விதிகள் இடம் தருவதில்லை. எனவே பீமா, மல்டி லிங்கா என்ற கேள்வி கார் வாங்கும் நாளோடு முடிந்துவிடும். பின்பக்கத்தை எவ்வளவு விறைப்பாக வைப்பது என்ற கேள்விதான் ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதிதாக வரும்.