இரு கடைக் கணக்கு, ஒரே பேரேடு



மதுரையிலும் திண்டுக்கல்லிலும் எனக்கு மொத்த மளிகைக் கடை உண்டு. இரண்டிலும் தனித்தனியே எக்செல்லில் கணக்கு எழுதுகிறோம். ஒருவருக்குக் கடன் வரம்பு ஒரு லட்சம். வாடிப்பட்டிப் பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவருக்கு மதுரையில் 70,000 ரூபாய் பாக்கி, திண்டுக்கல்லில் 60,000. வரம்புக்குள்தானே என்று இரு கடையிலும் சரக்குப் போட்டார்கள். மொத்தம் 1,30,000 ஆனது யாருக்கும் தெரியவில்லை.

இதற்காக மகன், பவர் பிஐ என்ற மென்பொருளில் இரு கணக்கையும் சேர்த்தான். எக்செல் 2016 முதல் அதனுள்ளேயே இருக்கும் பவர் கொயரியிலும் இதைச் செய்யலாம். ஒரே அமைப்புள்ள பட்டியல்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குவதற்கு ‘அப்பெண்ட்’ என்று பெயர். ‘மெர்ஜ்’ என்பது வேறு. விற்பனைப் பட்டியலோடு விலைப்பட்டியலைப் பக்கவாட்டில் இணைப்பது போன்றது அது.

சேர்த்த பிறகும் அந்த வியாபாரியின் பாக்கி 70,000 என்றே வந்தது! காரணம், மதுரைக் கணக்கில் தலைப்பு ‘நிலுவை’, திண்டுக்கல்லில் ‘பாக்கி’. அப்பெண்ட் தலைப்புப் பெயரைப் பார்த்தே சேர்க்கும். பெயர் மாறினால் அதைத் தனிப் பத்தியாக வைத்துவிட்டு, மற்ற இடத்தைக் காலியாக விடும். தவறு என்று சொல்லாது. திண்டுக்கல் பாக்கி முழுவதும் கூட்டலில் விடுபட்டிருந்தது. பழைய வழக்கப்படி இரு கடை மொத்தத்தையும் காகிதத்தில் கூட்டிப் பார்த்ததால்தான் அகப்பட்டது.

நான் கற்றுக்கொண்டவை:

1. எல்லாக் கடையிலும் தலைப்பு எழுத்து மாறாமல் இருக்கட்டும். ஆங்கிலமானால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேற்றுமையும் கூடாது. பத்திகளின் வரிசை முன்பின் இருந்தால் பாதகமில்லை.

2. சேர்க்கும் முன் ஒவ்வொன்றிலும் ‘கடை’ என்று ஒரு பத்தி போடுங்கள். இல்லாவிடில் எந்த பில் எந்தக் கடையுடையது என்று பிறகு தெரியாது.

3. ஒரே வாடிக்கையாளர் பெயரை இரு கடையில் இரு விதமாக எழுதுவார்கள். 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணைக் கொண்டு அடையாளம் காணுங்கள். அது இல்லாதவருக்கு செல்போன் எண்.

4. ஒரே கோப்பை இருமுறை சேர்த்தால் பாக்கியும் இரட்டிப்பாகும். அதுவாக நீக்காது. கடையையும் பில் எண்ணையும் வைத்துச் சரிபாருங்கள்.

5. கடைவாரி மொத்தமும் சேர்த்த மொத்தமும் ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்.

அந்த வியாபாரி நல்லவர். மூன்று தவணையில் கட்டிவிட்டார். எல்லோரும் அப்படி இருப்பார்களா? கிளைக் கடை வைத்திருப்போர் இந்த மாதக் கடைசியிலேயே பாக்கிக் கணக்கைச் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.